மாயன் பிடி

தள்ளி இந்தப் பக்கம் உட்காருங்கள் தம்பி. அந்த ஓரத்துக்கு இன்னும் கொஞ்ச நேரத்தில் வெயில் வந்துவிடும். எனக்குத் தெரியும், நான்காவது தடவை வருகிறேன். மனுவை வாங்கிக்கொண்டு போனால் பெயரைக் கூப்பிட இரண்டு மணி நேரமாவது ஆகும். உங்களுக்கு மகன். அப்பா வந்திருக்கிறார் என்றால் ஓடி வருவான். எனக்கு அப்படி இல்லை. மூன்று தடவையும், "வரமாட்டேங்கிறான் பெரியவரே, நீங்க கிளம்புங்க" என்று சொல்லிவிட்டார்கள். இன்றைக்கும் அதையேதான் சொல்லப் போகிறார்கள். சொல்லட்டும். வந்தேன் என்று இருக்கும் இல்லையா?

மனு எழுதிக் கொடுத்தீர்கள், நல்லது. எனக்குப் படிப்பு மூன்றாவதோடு நின்றுவிட்டது. சவரிமுத்து என்று கையெழுத்துப் போடுவேன். பஸ் போர்டு படிப்பேன். உப்புத்தாளின் முதுகில் இருக்கிற நம்பர் படிப்பேன். அதற்கு மேல் தேவைப்படவில்லை. என்ன உறவு என்று கேட்ட இடத்தில், கூட வேலை பார்த்தவன் என்று போடச் சொன்னேன். நீங்கள் நண்பர் என்று போட்டுவிட்டீர்கள். போகட்டும். ஆனால் நண்பன் இல்லை.

தங்கமாயன் என்று பெயர். கொலைக் கேஸ். ஆயுள். உள்ளே வந்து ஐந்தாவது வருஷம்.

ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்? நான் ஒன்றும் செய்தவன் இல்லை. சாட்சி சொன்னவன். கூப்பிட்டார்கள், போனேன். கேட்டார்கள், சொன்னேன். அதற்கு ஐந்து வருஷமாகப் பட்டறையில் ஒருத்தன் என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. டீ வந்தால் என் கிளாஸைத் தரையில் வைத்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். நீங்கள் எந்தப் பக்கமும் சேராதவர். முழுக்கக் கேட்டுவிட்டு நீங்களே சொல்லுங்கள், என் மேல் என்ன தப்பு என்று.

வத்தலக்குண்டிலிருந்து பெரியகுளம் போகிற ரோட்டில் எங்கள் பட்டறை. முதலாளி நல்லதம்பி. கத்தி அடிக்கிற பட்டறை. அரிவாள் இல்லை, கத்தி. சமையல்காரர்கள், மீன் வெட்டுகிறவர்கள், கொடைக்கானல் எஸ்டேட்காரர்கள், அப்புறம் மலைக்கு வருகிற வெளிநாட்டுக்காரர்கள், எல்லோரும் வாங்குவார்கள். முதலாளி இரும்பு பார்ப்பார். பிடி நான் பார்ப்பேன். முப்பத்தெட்டு வருஷம். தேக்கு, ஈட்டி, தடை வருவதற்கு முந்தி மான்கொம்பு, எருமைக் கொம்பு, எல்லாம் என் கையில் போயிருக்கிறது. நான் முடித்த பிடியில் முகம் தெரியும். அப்படி மெருகு.

பிடி வேலை என்றால் லேசு என்று நினைப்பீர்கள். கத்தியின் வால் பக்கம் வெறும் இரும்பு. அதன் இரண்டு பக்கமும் பலகை வைத்து ஒட்டி, பித்தளை ஆணி அடித்து, மெஷினில் உருட்டி, அரம் போட்டு, உப்புத்தாள் போட்டு, கடைசியில் கன்னத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ஆமாம், கன்னத்தில்தான். எங்கள் விரலைப் பாருங்கள், ரேகையே இருக்காது. தேய்த்துத் தேய்த்துத் தோல் செத்துவிட்டது. பிடியில் ஒரு கீறல் இருந்தால் விரலுக்குத் தெரியாது. கன்னம் சொல்லிவிடும். பிடியைக் கன்னத்தில் வைத்து, மெதுவாக, குழந்தையைத் தேய்ப்பதுபோலத் தேய்க்க வேண்டும். அதனால்தான் எங்கள் பட்டறையில் எவனும் தாடி வைக்க மாட்டான்.

சன்னலைப் பற்றிச் சொல்ல வேண்டும். பட்டறைக்கு ஒரே ஒரு நல்ல சன்னல், கிழக்கே பார்த்தது. பத்து மணி வரைக்கும் வெளிச்சம் பிடியின் மேல் படுத்துக்கிடக்கும். அந்த வெளிச்சத்தில் ஒரு கீறல் தப்பாது. அது என் இடம். பத்தொன்பது வருஷம் அங்கேதான் என் ஸ்டூல்.

அப்போதுதான் இந்த லேமினேட் வந்தது. துணியை அடுக்கடுக்காகப் பசையில் நனைத்து, சூட்டில் வைத்து அழுத்தி, கல் மாதிரி ஆக்கிய பலகை. தண்ணீரில் ஊறாது, வெடிக்காது, புழு வைக்காது. வெளிநாட்டுக்காரனுக்கு அதுதான் வேண்டுமாம். முதலாளி நாலு பலகை வாங்கி வந்து என் முன்னால் போட்டார். அறுத்தால் ஆஸ்பத்திரி நாற்றம். தூசி மூக்கில் ஏறினால் மூன்று நாள் எரிகிறது. மரத்துக்கு ஓட்டம் உண்டு, எந்தப் பக்கம் தேய்த்தால் படியும் என்று அதுவே சொல்லும். இதற்கு ஓட்டமே இல்லை. வெறும் துணி. நான் மரத்தைச் செய்வதுபோலச் செய்தேன். மெஷினில் உருட்டினேன், மெருகு சக்கரத்தில் கொடுத்துக் கண்ணாடி மாதிரி ஆக்கினேன்.

முதலாளி சொன்னார், "சவரி, இதுக்குன்னு ஒரு ஆளைப் பாத்திருக்கேன்."

வந்தான். தங்கமாயன். என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவன். கத்தியையே பார்த்தவன் இல்லை. மின்சார போர்டு செய்கிற கம்பெனியில் இந்தப் பலகையை அறுத்துக்கொண்டு இருந்தவன். ஓட்டை போட்டு ஸ்விட்சு மாட்டுகிற ஆள். அவன் என் பக்கத்தில் உட்கார்ந்தான்.

அவன் மெருகு சக்கரத்தைத் தொடவே மாட்டான். மெஷினில் பாதி உருட்டிவிட்டு இறங்கிவிடுவான். பிறகு ஒரு தட்டில் தண்ணீர். சைக்கிள் டியூபில் ஒரு துண்டு வெட்டி, அதன் மேல் வாட்டர் பேப்பரைச் சுற்றி, நனைத்து நனைத்துத் தேய்ப்பான். தூசி பறக்காது, சேறு மாதிரி வடியும். முதலில் குறுக்கே, பிறகு நெடுக. தாள் நம்பர் எண்பது, நூற்றிருபது, இருநூற்றிருபது, நானூறு, ஏற ஏற நைசு. நானூறில் நிறுத்திவிடுவான். மின்னாது. மொட்டையாகக் கிடக்கும். ஆனால் ஈரக்கையில் பிடித்தால் அப்படியே ஒட்டிக்கொள்ளும்.

இன்னொன்று செய்வான். பலகை அடுக்கு அடுக்காக இருக்கிறது இல்லையா, அதை வளைவாகத் தேய்த்தால் ஒவ்வொரு அடுக்கும் ஒரு கோடாக வெளியே வரும். கிணற்றில் கல் போட்டால் வளையம் வளையமாக விரியுமே, அப்படி. கண்டபடி தேய்த்தால் கண்டபடி வரும். அவனுக்கு இடது பக்கம் ஏழு வளையம் என்றால் வலது பக்கமும் ஏழு. நடு வளையம் உள்ளங்கை படுகிற இடத்தில், ஒரு கண் மாதிரி. இரண்டு பக்கமும் ஒரே உயரத்தில். அளவுகோல் வைக்க மாட்டான். கன்னத்தில் வைத்துப் பார்ப்பான், ரெண்டு இழுப்பு இழுப்பான், மறுபடி கன்னத்தில் வைப்பான்.

இதைப் போய் ஊரே மாயன் பிடி, மாயன் பிடி என்றது. ஸ்விட்சு மாட்டுகிறவன் தம்பி!

ஒரு நாள் கல்யாணச் சமையல்காரர் ஒருத்தர் உள்ளங்கையில் கட்டுப் போட்டுக்கொண்டு வந்தார். நான் முடித்த கத்தி. எண்ணெய்க் கையோடு பிடித்திருக்கிறார், வழுக்கி, கை அலகில் போய்விட்டது. முதலாளி கத்தியை வாங்கிப் பார்த்தார். மாயன்தான் சிரித்துக்கொண்டே, "சவரியண்ணே, உங்க பிடியில மூஞ்சி பாத்துச் சவரம் பண்ணலாம். மீன் வெட்டத்தான் முடியாது" என்றான்.

எல்லோரும் சிரித்தார்கள். சமையல்காரரும் சிரித்தார், அந்தக் கட்டோடு.

மறுவாரம் என் ஸ்டூல் மெஷின் பக்கத்தில் கிடந்தது. சன்னலில் அவன் ஸ்டூல். முதலாளி, "அவனுக்கு வளையம் பாக்க வெளிச்சம் வேணும், சவரி. கோவிச்சுக்காதீங்க" என்றார். மாயன் எழுந்து நின்று, "அண்ணே, வேண்டாம்ணே, நீங்களே உக்காருங்க" என்றான். அப்படிச் சொன்னது இன்னும் மோசம். என்னிடம் பிடுங்கியதை எனக்கே பிச்சை போடுகிற மாதிரி. நான் உட்காரவில்லை. அன்றிலிருந்து அவனிடம் வேலையைத் தவிர வேறு பேச்சு இல்லை. ஆறு வருஷம்.

அந்த ஆறு வருஷமும் நான் சும்மா இருக்கவில்லை தம்பி. அவன் வீசி எறிகிற துண்டுப் பலகையை வீட்டுக்குக் கொண்டுபோனேன். டியூப் வெட்டினேன். தட்டில் தண்ணீர் வைத்தேன். என் வீட்டுக்காரி, "வயசான காலத்துல என்ன, பாத்திரம் தேய்க்கப் பழகுறீங்களா?" என்று கேட்டாள். அவளிடம்கூடச் சொல்லவில்லை. மூன்று வருஷம் வளையம் கோணலாகத்தான் வந்தது. நாலாவது வருஷம் ஒரு பக்கம் வந்தது. ஆறாவது வருஷம் இரண்டு பக்கமும் வந்தது. ஏழுக்கு ஏழு.

எங்கள் பட்டறையில் ஒரு வழக்கம். ஆயுத பூஜைக்கு ஒவ்வொருத்தனும் தனக்கென்று ஒரு கத்தி செய்து பூஜையில் வைத்துவிட்டு வீட்டுக்கு எடுத்துப் போகலாம். அதில் பட்டறை முத்திரை அடிக்க மாட்டோம். முத்திரை இல்லாத கத்தி என்றால் அது எங்களில் ஒருத்தனுடைய சொந்தக் கத்தி. நான் வேதக்காரன்தான், ஆனால் பூஜைக்குக் கத்தி வைக்காமல் இருந்தது இல்லை. அந்த வருஷம் துணியில் சுற்றி வைத்தேன், யாரும் பார்க்கவில்லை. வீட்டில் வைத்து முடித்த கத்தி. மாயன் பிடி. இல்லை, என் பிடி. அவனைவிடச் சுத்தம். அவன் ஆணிக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு மயிர்க் கீறல் விட்டுவிடுவான், பித்தளை வேறு, துணி வேறு, தாள் அங்கே தடுக்கும். எனக்குத் தடுக்காது. நான் மூன்று நாள் அந்த ஆணி ஒன்றுக்கே செலவழித்தேன்.

இன்னொரு பழக்கம் எனக்கு, சின்ன வயதிலிருந்து. எனக்கென்று செய்கிற கத்தியில், பலகை ஒட்டுவதற்கு முன்னால், இரும்பு வாலில் அரத்தின் முனையால் ஒரு சிலுவையும் ஒரு 'ச'வும் கீறிவிடுவேன். பிறகு அதன் மேல் பலகை. யாருக்கும் தெரியாது. உள்ளே கிடக்கும். நான் ஒட்டிய பலகை லேசில் பெயராது தம்பி. உடைத்தால்தான் வரும்.

அந்தக் கத்தியை யாரிடமாவது காட்ட வேண்டும் என்று இருந்தது. பட்டறையில் எப்படிக் காட்டுவது? முப்பது வருஷத்துக்கு மேல் பிடி பார்த்தவன், ஸ்விட்சு மாட்டுகிறவனைப் பார்த்துப் பழகினான் என்று பல்லைக் காட்டுவார்கள். பூஜை முடிந்த வாரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கிற பாருக்கு எடுத்துப் போனேன். நான் மாதத்துக்கு ஒரு தடவைதான் போவேன், மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அங்கே ஆம்லெட், சுண்டல் போடுகிற ஆள் ஒருத்தன் இருந்தான், நெட்டையன், பெயர் தெரியாது, வெளியூர்க்காரன். அவனிடமும் பக்கத்தில் குடித்துக்கொண்டிருந்த இரண்டு பேரிடமும் துணியைப் பிரித்துக் காட்டினேன்.

"இது யார் வேலை சொல்லுங்க பாப்போம்."

ஒருத்தன் வாங்கிப் பார்த்தான். "இதுகூடத் தெரியாதாண்ணே? மாயன் பிடி!" என்றான்.

நெட்டையன், "ஆமா, மாயன் பிடிதான். அருமையா இருக்கு" என்றான்.

முதலில் எனக்குப் புல்லரித்தது. செய்துவிட்டேன், அவனும் நானும் ஒன்று. அடுத்த நிமிஷம் கத்தியை அவன் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டேன். ஆறு வருஷம் தேய்த்தது நான். பெயர் அவனுக்கு. என் கையால் செய்த நல்ல காரியத்தில் எல்லாவற்றிலும் நல்லது அதுதான், அதற்கும் அவன் பெயர். கத்தியை நெட்டையனின் வெங்காயப் பலகையில் போட்டேன். "வச்சுக்க, வெங்காயம் நறுக்கு" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பத்து நாள் கழித்து அந்தப் பாருக்குப் பின்னால் கதிரேசன் செத்துக் கிடந்தான்.

கதிரேசன் என்பது மாயனுடைய தங்கச்சி பேச்சியின் புருஷன். லாரி ஓட்டுகிறவன். அந்தப் பெண்ணை அடித்துத் துவைப்பான். ஒரு தடவை அவள் உதடு கிழிந்து பட்டறைக்கே ஓடி வந்தாள். பின்னாலேயே அவன் வந்தான். மாயன் அத்தனை பேர் முன்னாலும், "இன்னொரு தடவை இவ மேல கை வச்சேன்னா, பொளந்துருவேன்டா" என்றான். நாங்கள் எல்லோரும் கேட்டோம். தெருவும் கேட்டது. அப்படிச் சொல்லி மூன்று மாதத்தில் கதிரேசன் குத்துப்பட்டுக் கிடந்தால், போலீஸ் யாரைத் தேடும்? என்னையா?

கத்தி உடம்பிலேயே இருந்தது. முத்திரை இல்லை. இன்ஸ்பெக்டர் முதலாளியைக் கேட்டார். முதலாளி, "இது பூஜைக் கத்தி. ஆளாளுக்கு ஒண்ணு இருக்கும்" என்றார். ஆளாளுக்குப் போய் எடுத்து வந்து காட்டச் சொன்னார்கள். எல்லோரும் காட்டினார்கள். நானும் காட்டினேன்.

எதைக் காட்டினேன் என்றா? முந்தின வருஷத்துக் கத்தியை. கத்தி கத்திதானே. வருஷம் எழுதியா இருக்கிறது?

மாயனால் மட்டும் காட்ட முடியவில்லை. அவன் தன் கத்தியைத் தங்கச்சியிடம் கொடுத்தானாம், தலையணைக்கு அடியில் வைத்துக்கொள் என்று. கதிரேசன் அதைப் பார்த்துவிட்டுப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டானாம். நம்புகிற மாதிரியா இருக்கிறது?

என்னை ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போனார்கள். முதலாளிதான் என் பெயரைச் சொல்லியிருந்தார். "பாத்தா மாயன் வேலை மாதிரி இருக்கு சார். எனக்குத் தீர்மானமாச் சொல்லத் தெரியல. சவரியைக் கேளுங்க. பிடி விஷயத்துல அவர் சொன்னாச் சரி." இன்ஸ்பெக்டர் எனக்கு நாற்காலி போட்டார். டீ வாங்கி வரச் சொன்னார். ஆறு வருஷத்தில் முதல் தடவை தம்பி, சவரி சொன்னால் சரி என்று ஒரு வார்த்தை. நீங்கள் அந்த இடத்தில் இருந்திருந்தால் தெரியும்.

மாயன் சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்திருந்தான். ஒரு கண் வீங்கியிருந்தது.

மேஜை மேல் கத்தியை வைத்தார்கள். பிடி முழுக்கக் காய்ந்த ரத்தம். ஆனாலும் ஏழு வளையமும் தெரிந்தது. இன்ஸ்பெக்டர், "கைக்குட்டையால பிடிச்சுப் பாருங்க" என்றார். பிடித்தேன். பிடித்ததும் கை தன்னால் மேலே போனது, கன்னத்துக்கு. ஏட்டு கத்தினார், "யோவ் பெரியவரே, மூஞ்சிகிட்ட கொண்டு போகாதய்யா, எவிடென்ஸுய்யா அது!" நான் கீழே வைத்தேன். கன்னத்தில் வைக்க வேண்டிய அவசியமே இல்லை. ஆணியைப் பார்த்தேன், போதும். ஒரு கீறல் இல்லை.

"யாரு செஞ்சது?" என்றார் இன்ஸ்பெக்டர்.

நான் வாயைத் திறப்பதற்கு முன்னால் தரையிலிருந்து அவன் சொன்னான். "சார், அது நான் செஞ்சதில்ல சார். என்னோடது மாதிரியே இருக்கு. ஆனா நான் செஞ்சதில்ல. ஆணிகிட்ட பாருங்க. எனக்கு இவ்வளவு சுத்தமா வராது சார். இதைச் செஞ்சவன் என்னைவிடப் பெரிய ஆளு." என்னைப் பார்த்தான். "அண்ணே, நீங்க சொல்லுங்கண்ணே. உங்களுக்குத் தெரியும்ல?"

அவன் வாயாலேயே சொன்னான் தம்பி. என்னைவிடப் பெரிய ஆளு. போலீஸ்காரர்கள், முதலாளி, பட்டறை ஆட்கள் இரண்டு பேர், எல்லோரும் அங்கே நின்றார்கள். எல்லோரும் கேட்டார்கள்.

அப்போது நான் என்ன சொல்ல வேண்டும் என்கிறீர்கள்? அது என் கத்தி என்றா? சொன்னால் அடுத்த கேள்வி என்ன? நீ ஏன் மாயன் மாதிரி செய்தாய்? எப்போது பழகினாய்? எதற்காக ஒளித்தாய்? முதலாளியும் அந்த இரண்டு பேரும் நிற்கிற இடத்தில், துண்டுப் பலகை பொறுக்கிக்கொண்டு போய் வீட்டில் ஒளிந்து பழகினேன் என்று சொல்ல வேண்டும். வெங்காயப் பலகையில் போட்டுவிட்டு வந்தேன் என்றால் யார் நம்புவார்கள்? ஆறு வருஷம் கழித்து எனக்கு நாற்காலி போட்டிருக்கிறார்கள்.

"மாயன் வேலைதான் சார்" என்றேன். "கண்ணைக் கட்டிவிட்டாலும் சொல்லுவேன்."

கோர்ட்டிலும் அதைத்தான் சொன்னேன். ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை. அந்த நெட்டையனைக் கேட்கவேண்டியதுதானே என்பீர்கள். அவன் கதிரேசன் செத்த அன்றைக்கே அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஊரைவிட்டுப் போய்விட்டான். ஏன் போனான், எதற்குப் போனான் என்று எனக்கு என்ன தெரியும்? வெளியூர்க்காரர்கள் அப்படித்தான், இன்றைக்கு இங்கே, நாளைக்கு எங்கேயோ. யாரும் என்னிடம் அவனைப் பற்றிக் கேட்கவில்லை. கேட்காததை நான் ஏன் சொல்ல வேண்டும்?

தண்ணீர் இருக்கிறதா தம்பி? ஒரு வாய் கொடுங்கள்.

தீர்ப்பு வந்த வாரம் முதலாளி என் ஸ்டூலைச் சன்னலுக்குக் கொண்டுவந்து போட்டார். நான் கேட்கவில்லை. அவராகவே போட்டார். ஆனால் ஆர்டர் எல்லாம் மாயன் பிடிக்கு. வெளிநாட்டுக்காரன் படம் அனுப்பி இதே மாதிரிதான் வேண்டும் என்கிறான். யார் செய்வது? நான் செய்தேன். முதல் கத்தியை முடித்துக் கொடுத்தேன். முதலாளி கையில் வாங்கினார், வளையம் எண்ணினார், திருப்பினார், மறுபக்கம் எண்ணினார். கன்னத்தில் வைத்துப் பார்த்தார். ஆணிக்குப் பக்கத்தில் வந்ததும் நின்றுவிட்டார். "சவரி, இதை எப்பப் பழகுனீங்க?" என்றார்.

"அவன் போனதுக்கு அப்புறம்தான்."

"கொஞ்ச மாசத்துல வராதே இது" என்றார். அவ்வளவுதான். கத்தியை மேஜையில் வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். பட்டறையில் எல்லா மெஷினும் நின்றிருந்தது, அன்றைக்குக் கரண்ட் இல்லை என்று நினைக்கிறேன். அன்றிலிருந்துதான் யாரும் பேசுவதில்லை.

ஐந்து வருஷமாகச் சன்னலில் உட்கார்ந்து மாயன் பிடி போட்டுக்கொண்டிருக்கிறேன். ஒரு கத்தியில்கூட என் பெயர் இல்லை. உள்ளே இருப்பவன் பெயரைத்தான் சொல்லி விற்கிறார்கள். அவனாவது உட்கார்ந்து சாப்பிடுகிறான். தேய்க்கிறது நான்.

இந்தத் தடவை ஏன் வந்தேன் என்று சொல்லவில்லையே. மூன்று வாரத்துக்கு முன்னால் அந்தப் பேச்சி என் வீட்டுக்கு வந்தாள். உள்ளே வா என்றேன், வாசலிலேயே நின்றாள். ஒரு துணியைப் பிரித்தாள். கத்தி. முத்திரை இல்லாதது. கதிரேசன் ஓட்டிய லாரியை இப்போது வேறு ஆள் வைத்திருக்கிறாராம், சீட்டைப் பிரித்துத் தைக்கப் போனபோது அடியில் கிடந்ததாம்.

"இதுதாண்ணே எங்க அண்ணன் எனக்குக் கொடுத்த கத்தி. அப்ப அது யாரு கத்தி?"

வாங்கிப் பார்த்தேன். ஏழு வளையம். கன்னத்தில் வைத்தேன். ஆணிப் பக்கத்தில் சுரீர் என்றது. மயிர்க் கீறல். அவனுடையதுதான், சந்தேகமே இல்லை. உண்மையைச் சொல்கிறேன், அந்த நிமிஷம் எனக்கு அவளிடம் சொல்ல வேண்டும் என்று வாய்வரை வந்துவிட்டது. பார் அம்மா, இங்கே தடுக்கிறது பார், அதில் இப்படி இல்லை என்று. அடக்கிக்கொண்டேன்.

"எனக்கு எப்படித் தெரியும்?" என்றேன்.

அவள் அழவில்லை. "பொங்கல் கழிச்சு அப்பீல் வருதுண்ணே. ரெண்டு கத்தி செஞ்சிருப்பான்னு சொல்லிருவாங்களாம். அந்தக் கத்தி வேற ஆளு செஞ்சதுன்னு தெரிஞ்ச ஆளு ஒருத்தர் வந்து சொன்னா அண்ணன் வெளிய வந்துரும்னு வக்கீல் சொல்றாரு. எங்கிட்ட எதுவும் சொல்ல வேண்டாம். அண்ணன் மூஞ்சியப் பாத்து, தெரியாதுன்னு ஒரு தடவை சொல்லிட்டு வாங்க. அப்புறம் நான் உங்க வாசப்படி மிதிக்க மாட்டேன்."

என்ன ஒரு திமிர் பாருங்கள். சரி, போகிறேன் என்றேன். போனால் அவன் எப்படியும் வரமாட்டான், மூன்று தடவை வராதவன். நானும் வந்தேன், பார்க்கவில்லை என்று அவளிடம் சொல்லிவிடலாம். கடமை முடிந்தது.

கோர்ட்டில் அந்தக் கத்தி ஏதோ ஒரு பீரோவில் சீல் வைத்துக் கிடக்கும். பலகையைப் பெயர்த்தால் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியும். பெயர்த்துப் பாருங்கள் என்று சொல்ல ஒரு ஆள் வேண்டும். இல்லாவிட்டால் எவன் பெயர்க்கப் போகிறான்? அவ்வளவு அழகான பிடியை உடைக்க எவனுக்கு மனது வரும்? நான் ஒட்டியது. ஐம்பது வருஷம் ஆனாலும் அசையாது.

இப்போது சொல்லுங்கள். கேட்டதற்குப் பதில் சொன்னேன். மூன்று தடவை பஸ் ஏறி வந்தேன். இது நான்காவது. என் மேல் என்ன தப்பு?

நீங்களும் பட்டறைக்காரர்கள் மாதிரியே முகத்தைத் திருப்புகிறீர்களே.

இருங்கள், வார்டர் வந்துவிட்டார். மனுச் சீட்டுகளோடு நிற்கிறார். உங்கள் மகனுக்காக இருக்கும். பையை எடுத்துக்கொள்ளுங்கள், வாழைப்பழத்தை மேலே வையுங்கள், நசுங்கிவிடும். கேளுங்கள், என்ன பெயர் சொல்கிறார்?

இல்லை. தப்பாகக் கேட்டிருப்பீர்கள். வரமாட்டான் என்றுதானே சொல்ல வேண்டும். மூன்று தடவையும் அப்படித்தானே சொன்னார்கள்.

"தங்கமாயன் மனு! சவரிமுத்து யாரு? கைதி வந்து நிக்கிறாருய்யா, சவரிமுத்து!"

என் தோளை ஏன் தொடுகிறீர்கள்? கையை எடுங்கள் தம்பி. அது நான் இல்லை. வேறு சவரிமுத்து இருப்பான், எத்தனையோ பேர் இருக்கிறார்கள் அந்தப் பெயரில். நீங்கள்தான் எழுதினீர்களா? அப்படியானால் நீங்கள் தப்பாக எழுதியிருப்பீர்கள். நான் அந்தப் பெயர் சொல்லவில்லை. நான் சும்மா நிழலுக்கு உட்கார்ந்திருக்கிறேன்.

இந்தப் பக்கம் கையைக் காட்டாதீர்கள். முகத்தைத் திருப்பாமல் பார்த்துச் சொல்லுங்கள். வார்டர் உள்ளே போய்விட்டாரா?